கீசர் போட்டால் எம்.சி.பி. விழுகிறதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் டெல்டா முழுக்க எலக்ட்ரீஷியன்களுக்கு வரும் போன் ஒன்றுதான்: "அண்ணே, கீசர் போட்டா கரண்ட் போயிடுது." கும்பகோணமானாலும் மன்னார்குடியானாலும் மயிலாடுதுறையானாலும் வந்தவர் முதலில் செய்வது எம்.சி.பி.யை, அதாவது கரண்ட் மிஞ்சினால் தானாக லைனை அறுக்கும் சுவிட்சை, கழற்றிப் புதிதாக ஒன்று போடுவது. ரெண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் திரும்ப விழும். அப்போது யாராவது ஒருவர், "16 ஆம்ப் பத்தலைங்க, 32 போட்டுடலாம்" என்பார். அந்தப் பேச்சு வந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். 32 போட்டால் எம்.சி.பி. விழாது, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஒயர் வேகும்.

எம்.சி.பி. தானே கெட்டுப்போய் விழுவது குறைவு. பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகச் செய்துதான் விழுகிறது. ஆகவே "எது கெட்டுப்போச்சு?" என்று தேடுவதற்கு முன்னால், "எவ்வளவு நேரத்தில் விழுகிறது?" என்று பாருங்கள். சுவிட்சைப் போட்ட நொடியேவா, ஐந்து பத்து நிமிஷம் கழித்தா, அரை மணி ஆன பிறகா, இல்லை கீசரைப் போடாத நாளிலும் மழை வந்தால் விழுகிறதா? நான்கும் நான்கு வேறு வியாதி. இதைக் குறித்து வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு விஷயம். குழாயைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது, கீசரிலிருந்தோ எம்.சி.பி. பெட்டியிலிருந்தோ கருகல் வாடை வருகிறது, பெட்டிக்குள் படபடவென்று சத்தம் கேட்கிறது என்றால் சோதனை எதுவும் வேண்டாம். காய்ந்த கையோடு, காலில் செருப்போடு போய் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். விழுந்த எம்.சி.பி.யை ஒருமுறை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். உடனே மறுபடி விழுந்தால் திரும்பத் தூக்காதீர்கள். ஷார்ட் இருக்கும் லைனில் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உள்ளே காண்டாக்ட் கருகுகிறது. வீட்டுக்காரர் தாராளமாகச் செய்யக்கூடியது பார்ப்பது, பிளக்கைப் பிடுங்குவது, பிடுங்கிய கீசரை மீட்டரால் அளப்பது. டி.பி. பெட்டியின், அதாவது எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டியின், மூடியைத் திறப்பது உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. எம்.சி.பி.யை இறக்கினாலும் மெயினிலிருந்து வரும் மேல் திருகில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து, விழுந்தது எது என்று பாருங்கள். பெட்டியில் ஒல்லியாக, ஒற்றை விரல் அகலத்தில் வரிசையாக இருப்பவை எம்.சி.பி. அவற்றைவிட அகலமாக, ஓரத்தில் 'டெஸ்ட்' பட்டனோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் அதை ஈ.எல்.சி.பி. என்பார்கள். எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதை. ஆர்.சி.சி.பி. பார்ப்பது போன கரண்ட் முழுக்கத் திரும்பி வந்ததா என்பதை. 30 மில்லி ஆம்பியர் வழியில் கசிந்தால் அது விழுந்துவிட வேண்டும். 15-க்கு மேல் போனாலே விழுவதும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆர்.சி.சி.பி. விழுவதற்கு எம்.சி.பி.யை மாற்றிக் காசைத் தொலைக்கும் வீடுகள் நிறைய.

கணக்கு எளிது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பெரும்பாலும் 3000 வாட், அது 13 ஆம்பியர். 4500 வாட் என்றால் 19.6. இவற்றுக்கு முன்னால் இருக்கும் எம்.சி.பி.க்குள் இரண்டு பொறி உண்டு. ஒன்று, சூடானால் வளையும் இரட்டை உலோகத் தகடு. இது நிதானமாக வேலை செய்யும். மற்றது காந்தச் சுருள்; ஷார்ட் ஆனால் கண் இமைப்பதற்குள் இழுத்துவிடும். 16 ஆம்ப் 'சி' வகை எம்.சி.பி., 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணிக்குள் விழ வேண்டும். 80-லிருந்து 160 ஆம்பியருக்குள் எங்கோ ஓரிடத்தில் உடனே விழ வேண்டும். அப்படியானால் 8.7 ஆம்பியர் இழுக்கும் கீசருக்கு நல்ல 16 ஆம்ப் எம்.சி.பி. விழவே காரணம் இல்லை. விழுகிறது என்றால் கூடுதல் கரண்ட் எங்கோ ஓடுகிறது, அல்லது கூடுதல் சூடு எங்கிருந்தோ வந்து சேருகிறது.

முதலில், போட்ட நொடியே விழும் வகை. விழுந்தது எம்.சி.பி. என்றால் ஷார்ட். கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எம்.சி.பி.யை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நெம்புகோல் பாதியில் நிற்கும். அதைக் கீழே முழுக்க அழுத்தி, 'டக்' என்று பிடித்த பிறகுதான் மேலே தூக்க வேண்டும். இது தெரியாமலே "எம்.சி.பி. போச்சு" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பிளக் இல்லாமல் நிற்கிறது, பிளக் போட்டால் விழுகிறது என்றால் கோளாறு கீசருக்குள் அல்லது அதன் ஒயரில். பிளக் இல்லாமலும் விழுந்தால் சுவருக்குள் ஓடும் லைன் அல்லது சாக்கெட். எலக்ட்ரீஷியன் எம்.சி.பி.யின் கீழ்த் திருகிலிருந்து ஒயரையே கழற்றிவிட்ட பிறகும் அது நிற்காவிட்டால்தான் எம்.சி.பி. பழுது என்று உறுதியாகச் சொல்லலாம். மழைக்காலத்தில் இந்த உடனடி ஷார்ட்டுக்கு எறும்பும் பல்லியும் கூடக் காரணம். கீசரின் அடி மூடிக்குள்ளும் சாக்கெட் பெட்டிக்குள்ளும் எறும்பு மண் வைத்துக் குடியேறிவிடும்; ஈரம் பட்டதும் அந்த மண்ணே கரண்டுக்கு வழிவிடும். ஒயர் நுழையும் ஓட்டையை ரப்பர் புஷ் போட்டு அடைத்தாலே போதும்.

அடுத்து, ஐந்து பத்து நிமிஷம் கழித்து விழும் வகை. டெல்டாவில் அதிகம் பார்ப்பது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். பழைய வீடுகளில் ஒயரிங் போட்ட காலத்தில் வெந்நீர் கொல்லையில் தவலையில் காய்ந்தது. லைனெல்லாம் பல்புக்கும் ஃபேனுக்கும் கணக்குப் பண்ணிப் போட்டவை. பின்னால் குளியலறை கட்டி, கீசர் வாங்கி, பக்கத்தில் இருந்த போர்டிலிருந்தே லைன் இழுத்திருப்பார்கள். அந்த லைனில் 6 ஆம்ப் எம்.சி.பி. இருந்தால் கணக்கைப் பாருங்கள்: 16-க்கு 23 என்ற அதே விகிதத்தில் 6-ஐ 1.45-ஆல் பெருக்கினால் சரியாக 8.7. அதாவது ஒரு மணிக்குள் கட்டாயம் விழுந்தே தீர வேண்டிய அளவு. எம்.சி.பி. மீது குற்றமே இல்லை. இங்கே எம்.சி.பி.யை மட்டும் 16 ஆக மாற்றுவதுதான் பெரிய தப்பு, ஏனென்றால் அந்த லைனில் இருக்கும் ஒயர் 1/18 ஆக இருக்கும், கிட்டத்தட்ட 1 சதுர மில்லிமீட்டர். வாசல் ஒரு தெருவிலும் கொல்லை அடுத்த தெருவிலும் முடியும் நீள வீட்டில் மெயினிலிருந்து குளியலறைக்கு 25 மீட்டர் ஒயர் சாதாரணம். அவ்வளவு தூரம் 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 8.7 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே எட்டு வோல்ட் அளவுக்குக் குறையும். 68 வாட் சூடு சுவருக்குள்ளும் மரச்சட்டத்துக்குள்ளும் இறங்கும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்தச் சூடு 28 வாட்டாகக் குறைகிறது. கீசருக்கு மெயினிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர், நடுவில் ஜாயின்ட் இல்லாமல். 4500 வாட் என்றால் 4 சதுர மில்லிமீட்டர், 25 ஆம்ப் எம்.சி.பி.; அதற்கு 16 ஆம்ப் பிளக் ஆகாது, நேராக டெர்மினலில்தான் கட்ட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஒயரும் எம்.சி.பி.யும் சரியான அளவு, இருந்தும் பத்து நிமிஷத்தில் விழுகிறது என்றால் லூஸ் கனெக்ஷனைத் தேடுங்கள். திருகு தளர்ந்த இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 8.7 ஆம்பியரில் ஏழரை வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் பிறக்கும். அரை ஓம் ஆனால் 38 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைத் திருகின் மேல் வைத்த மாதிரி. அந்தச் சூடு தாமிரம் வழியே எம்.சி.பி.க்குள் போய் இரட்டை உலோகத் தகட்டை வளைக்கிறது. கரண்ட் அதிகம் இல்லை, ஆனால் எம்.சி.பி. அப்படி நினைத்துக்கொண்டு விழுகிறது. விழுந்ததும் உடனே தூக்கினால் நிற்காது, கால் மணி ஆறவிட்டால் நிற்கும். இந்த அடையாளத்தை வைத்தே பிடித்துவிடலாம்.

லூஸ் எங்கெல்லாம் இருக்கும்? முதல் இடம் பெட்டியில் இல்லை, 16 ஆம்ப் சாக்கெட்டில். கீசர் ஓடி முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் முள்ளைப் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கையை இழுத்துக்கொள்ளும் சூடு இருக்கக் கூடாது. முள்ளில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால், அல்லது சாக்கெட் ஓட்டையின் ஓரம் பழுப்பாகி உருகியிருந்தால் சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய பழையது புதியதையும் கெடுத்துவிடும். கடலோரமாக நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் இருப்பவர்கள் இதை வருஷம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். உப்புக் காற்று பித்தளை முள்ளில் பச்சை பிடிக்க வைக்கும். அந்தப் பச்சை கரண்டைச் சரியாகக் கடத்தாது.

பெட்டிக்குள் எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியது, மெயினை அணைத்துவிட்டு: எம்.சி.பி. திருகு இறுக்கமாகத் தெரியும், ஆனால் ஒயர் கவ்விக்குள் போகாமல் அதன் பின்பக்கம் சொருகியிருக்கும். திருகைத் தொட்டுப் பார்த்தால் இது தெரியாது. ஒயரைப் பிடித்து இழுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒயரின் மேல் தோல் சரியாக உரிக்காமல் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கவ்வியிருக்கும். ஓட்டைக்குள் நுழையவில்லை என்று நான்கைந்து இழையை வெட்டிவிட்டிருப்பார்கள். மேலே எல்லா எம்.சி.பி.யையும் இணைக்கும் பஸ்பார் சீப்பு ஒரு பல்லில் மட்டும் கவ்வாமல் நிற்கும். வேறு வேறு கம்பெனி எம்.சி.பி.களை ஒரே பெட்டியில் கலந்தால் இது நடக்கும், உயரம் ஒத்துவராது. நியூட்ரல் ஒயர்களெல்லாம் சேரும் நியூட்ரல் லிங்க்கையும் மறக்கக் கூடாது. எல்லாரும் ஃபேஸ் பக்கம் மட்டும் இறுக்கிவிட்டுப் போவார்கள், நியூட்ரல் திருகு கருகிக்கொண்டிருக்கும். பழைய அலுமினிய ஒயரைத் தாமிரத்தோடு முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் வழியில் எங்காவது இருந்தால் அதை நம்ப வேண்டாம். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படியும், இறுக்கினாலும் ஜாயின்ட் தளரும்.

அரை மணி ஆன பிறகு விழுகிறது, அதுவும் சித்திரை வைகாசியில் மட்டும் என்றால் சூழல் சூட்டைப் பாருங்கள். எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரிக்குக் கணக்கிட்டது. மேற்குச் சுவரில், காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் அக்னி நட்சத்திர வெயிலில் உள்ளே அதைவிட எவ்வளவோ கூடுதல் இருக்கும். 13 ஆம்பியர் இழுக்கும் இன்ஸ்டன்ட் கீசருக்கு 16 ஆம்ப் அப்போது விளிம்பில் நிற்கும். இன்னொரு காரணம் மோட்டார். கீசரும் 1 எச்.பி. தண்ணீர் மோட்டாரும் ஒரே எம்.சி.பி.யில் இருந்தால் 8.7-ம் கிட்டத்தட்ட 7-ம் சேர்ந்து 16-ஐத் தொட்டுவிடும். "வோல்டேஜ் கம்மி, அதான் கீசர் விழுது" என்று கிராமப்புறத்தில் சொல்வார்கள். கீசருக்கு அது பொருந்தாது. வோல்ட்டேஜ் குறைந்தால் கீசர் இழுக்கும் கரண்டும் குறையும். 180 வோல்ட்டில் 2000 வாட் கீசர் சுமார் 1225 வாட்தான், தண்ணீர் காய நேரம் ஆகும், அவ்வளவே. ஆனால் மோட்டார் குறைந்த வோல்ட்டேஜில் திணறிக் கூடுதல் கரண்ட் இழுக்கும். ஆகவே சம்பா நடவு நேரத்தில் பம்ப்செட்டெல்லாம் ஓடி லைன் தொய்யும்போது கீசர் எம்.சி.பி. விழுந்தால், மோட்டாரும் அதே லைனில் இருக்கிறதா என்று தேடுங்கள். பிரித்துவிட்டால் தீர்ந்தது.

இனி ஆர்.சி.சி.பி. விழும் கதைக்கு வருவோம். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது.

கீசருக்குள் இருக்கும் எலிமெண்ட், நம் ஊரில் காயில் என்பது, ஒரு உலோகக் குழாய். நடுவில் கம்பிச் சுருள். இரண்டுக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு பொடி இறுக்கமாக அடைத்திருக்கும். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடானதும் குழாயின் மேல் வெள்ளைக் கட்டியாகப் படியும். படிந்த கட்டி சூட்டைத் தண்ணீருக்கு விடாது. குழாய் அளவுக்கு மீறிக் காயும். காய்ந்து காய்ந்து ஒருநாள் மயிரிழை விரிசல் விடும். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பதால் குளோரைடும் சேர்ந்து குழாயைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். விரிசல் வழியே ஈரம் பொடிக்குள் போனதும் கரண்ட் தண்ணீருக்கும் கீசர் உடம்புக்கும் கசியத் தொடங்குகிறது. மேல்நிலைத் தொட்டி காலியாக இருப்பது தெரியாமல் கீசரைப் போட்டுவிடும் வீடுகளில் எலிமெண்ட் வெறும் காய்ச்சலில் காய்ந்து சீக்கிரமே போகும்.

அந்தக் கசிவை எம்.சி.பி. தடுக்குமா? தடுக்காது. வீட்டு எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். கசிவு முழு அளவுக்கு வந்தாலும் 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். 16 ஆம்ப் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்று நினைத்து ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரமெல்லாம் கீசர் உடம்பிலும் குழாயிலும் உயிரைக் கொல்லும் வோல்ட்டேஜ் நிற்கும். காந்தச் சுருள் உடனே இழுக்க 160 ஆம்பியர் வரை வேண்டும். அதற்கு மொத்தத் தடை ஒன்றரை ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும், தனிக் குழியில் அது கிடைக்காது. கீசர் உள்ள வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இந்தப் பதிவில் மற்ற எதையும் செய்வதற்கு முன்னால் அதை மாட்டச் சொல்லுங்கள்.

நம் மண்ணுக்கு எர்த் விஷயத்தில் ஒரு குணம் உண்டு. வண்டல் களிமண் ஈரமாக இருக்கும்போது அருமையாகக் கடத்தும். மேட்டூர் மூடிய கோடையில் அதே களி வெடித்து, எர்த் பைப்பை விட்டு விலகி நிற்கும். வெடிப்புக்குள் காற்றுதான் இருக்கும். அப்போது எர்த் இருந்தும் இல்லாத மாதிரி. மாசி பங்குனியிலிருந்து வாரம் ஒரு குடம் தண்ணீர் குழியில் ஊற்றுங்கள். கடலோரத்தில் நேர்மாறான சிக்கல்: மண் நன்றாகக் கடத்தும், ஆனால் ஜி.ஐ. பைப்பையும் அதன் மேல் கட்டிய ஒயர் முனையையும் உப்பு தின்றுவிடும். மேல் கிளாம்ப்பைத் தோண்டிப் பார்த்தால் துருப்பொடி மட்டும் மிச்சம் இருக்கும்.

எலிமெண்ட் கசிகிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும், ஆரம்பச் சோதனைக்கு. பிளக்கைப் பிடுங்குங்கள். கீசரின் குமிழை அதிகச் சூட்டுக்குத் திருப்பி, மீட்டரை 200 ஓமில் வைத்து, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முள் இரண்டிலும் தொடுங்கள். 2000 வாட் என்றால் 26 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 3000 வாட் என்றால் 17 அல்லது 18. 1500 வாட் என்றால் 35. ஒன்றுமே காட்டாவிட்டால் எலிமெண்ட் அறுந்திருக்கும், அல்லது சூடு மிஞ்சினால் அறுக்கும் தெர்மல் கட்அவுட் விழுந்திருக்கும்; பல மாடல்களில் அடி மூடிக்குள் சின்னப் பட்டன் ஒன்றை அழுத்தி அதை மீட்டலாம். ஆனால் அது ஏன் விழுந்தது என்று தேட வேண்டும். பொதுவாகத் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தண்ணீர் கொதித்திருக்கும். அது எம்.சி.பி. விழுவதோடு சேராத தனிக் கோளாறு. ஒன்றிரண்டு ஓம் காட்டினால் ஷார்ட். பிறகு மீட்டரை 20 மெகா ஓமுக்கு மாற்றி, ஃபேஸ் முள்ளுக்கும் பெரிய எர்த் முள்ளுக்கும் இடையே, அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே தொடுங்கள். எதுவும் காட்டக் கூடாது. கிலோ ஓம் கணக்கில் வந்தால் எலிமெண்ட் முடிந்தது, 7.7 கிலோ ஓமில் 30 மில்லி ஆம்பியர் போய்விடும்.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மல்டிமீட்டர் சில வோல்ட் மட்டுமே கொடுத்துப் பார்க்கிறது. ஆறிய எலிமெண்டில் விரிசல் மூடிக்கொண்டு நல்லது போலக் காட்டும். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, ஆர்.சி.சி.பி. விழுந்த கையோடு, சூடாக இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி அளக்க வேண்டும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் 500 வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கும் மெக்கர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் எலிமெண்டைக் காயவைத்துத் திரும்பப் போடுவது நாள் கடத்துவதுதான்.

கீசர் சுவிட்சே போடவில்லை, பிளக் மட்டும் சாக்கெட்டில் இருக்கிறது, மிக்சியோ மோட்டாரோ ஓடும்போது ஆர்.சி.சி.பி. விழுகிறது என்ற புகார் கேட்பவரைத் திகைக்க வைக்கும். சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் அறுக்கும். எலிமெண்டின் நியூட்ரல் பக்க முனையில் கசிவு இருந்தால், வீட்டில் வேறு எது ஓடினாலும் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு கீசர் வழியாக எர்த்துக்குள் போய்விடும். பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடும். இதனால்தான் கீசருக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுக்கும் டபுள் போல் எம்.சி.பி. நல்லது என்று சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கியும் மழை நாளில் ஆர்.சி.சி.பி. விழுந்தால் கீசரை விட்டுவிடுங்கள். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் ஒயர் பைப்புக்குள் மழைத் தண்ணீர் வழிந்து சுவிட்ச் பெட்டியில் நிற்கும். இன்வெர்ட்டர் போட்டவர் அதன் நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தாலும் இதே தொல்லை வரும்.

எலிமெண்ட் மாற்றும்போது கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுங்கள். பழையது கசிந்தால் தண்ணீர் நேராகத் தெர்மோஸ்டாட் மேல் சொட்டும். பக்கத்தில் இருக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பி பாதி கரைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்; தொட்டிக்குப் பதிலாக அரிப்பைத் தான் வாங்கிக்கொள்வது அது. எலிமெண்ட் நல்லதாக இருந்து கட்டி மட்டும் பிடித்திருந்தால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, ஒயர் முனை நனையாமல் இரவு முழுக்க ஊறவிட்டால் கழன்றுவிடும். ஸ்க்ரூ டிரைவரால் கொத்தக் கூடாது. உப்புத் தண்ணீர் ஊரில் வருஷம் ஒருமுறை, மற்ற இடங்களில் இரண்டு வருஷம் ஒருமுறை, ஐப்பசிக்கு முன்னால் புரட்டாசியிலேயே இதை முடித்துவிடுங்கள்.

எம்.சி.பி.தான் பழுது என்று முடிவானால், மாற்றுவது கால் மணி வேலை. மெயினை அணைத்து, டெஸ்டரால் மேல் திருகு, கீழ்த் திருகு, நியூட்ரல் மூன்றையும் தொட்டுப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். டெஸ்டர் எரியும் ஓர் இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, அது வேலை செய்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, முகப்பில் 'சி16', கட்டத்துக்குள் 10000 என்று அச்சிட்டதை வாங்குங்கள். கருகிய ஒயர் முனையை வெட்டிவிட்டுப் புதிதாக 10, 12 மில்லிமீட்டர் தோல் உரித்து, இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஃபெருல் என்ற உலோக உறை போட்டு, கவ்விக்குள் நேராக விட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர், அதாவது சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் நன்றாகப் பிடித்த இறுக்கம்; தலை தேயும் அளவுக்குப் போகக் கூடாது. 2018 நவம்பர் கஜா புயல் மாதிரி ஒரு காற்று மழைக்குப் பிறகு தண்ணீரில் மூழ்கிய பெட்டி என்றால் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. எதையும் காயவைத்துப் பயன்படுத்த வேண்டாம். உள்ளே உப்பும் சேறும் காந்தச் சுருளைப் பிடித்துக்கொள்ளும். பார்க்க நன்றாக இருக்கும், விழ வேண்டிய நேரத்தில் விழாது.

வேலை முடிந்ததும் கூலி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். 2000 வாட், 15 லிட்டர் கீசர் 28 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுவர சுமார் 17 நிமிஷம் ஆகும், 25 லிட்டருக்கு 28 நிமிஷம். அவ்வளவு நேரம் ஓடவிட்டு, ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 8.7 பக்கம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அணைத்து, எம்.சி.பி. முகம், பிளக் முள் இரண்டின் சூட்டையும் பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை உங்கள் முன்னாலேயே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். இனிமேல் அதை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்தலாம். அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு மாதம் கழித்து எலக்ட்ரீஷியனை வரச் சொல்லித் திருகை ஒருமுறை திரும்ப இறுக்கிக்கொள்ளுங்கள். புதிதாக இறுக்கிய தாமிரம் கொஞ்சம் தளரும். பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் எந்த எம்.சி.பி. எதற்கு, எந்த அளவு, என்றைக்கு மாற்றியது என்று மார்க்கரால் எழுதி வையுங்கள்.